வயிற்றுக்குள் கிடக்கும் பீஸ்

"வயித்துக்குள்ள இன்னும் பீஸ் கிடக்குது." வன்னியில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பீஸ் என்றால் ஷெல் துண்டு. காலை இழந்தவரைக் கண்டதும் அடையாளம் தெரியும். குடலில் ஒரு பகுதியை இழந்தவர் பரந்தன் பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் இருந்து வந்தாலும் தெரியாது. சட்டையைத் தூக்கினால்தான் தொப்புளைச் சுற்றி இறங்கும் தையல் தழும்பு தெரியும்.

இறுதிப் போரில், 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி ஷெல்லடிக்கு உள்ளானபின், வைத்தியர்கள் புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் நகர்ந்தார்கள். மருந்துக்கும் இரத்தத்துக்கும் தட்டுப்பாடாக இருந்த அந்த இடங்களில் வயிற்றைத் திறந்து உயிரைக் காப்பாற்றினார்கள். மே 9 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்கள் காயக்காரரைத் திருகோணமலைக்கும் புல்மோட்டைக்கும் ஏற்றிச் சென்றன. உயிர் வந்து சேர்ந்தது. என்ன சிகிச்சை நடந்தது என்று எழுதிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு பலருக்கு வந்து சேரவில்லை.

வெட்டித் தைத்த குடல் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பத்து, பதினைந்து வருடம் கழித்தும் அடைத்துக்கொள்ளலாம். வயிறு ஊதி, வாந்தி வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது. தழும்பு வழியாகக் குடல் இறங்கியவரால் நெல்மூட்டை தூக்கவோ வலை இழுக்கவோ முடியாது. கூலி வேலையை நம்பிய வீட்டில் அதுதான் ஊனம்.

காயமடைந்த படையினருக்கென 1999ஆம் ஆண்டின் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. முன்னாள் போராளிக்கும் பொதுமகனுக்கும் அப்படி ஒன்று கிடையாது. ஊனத்துக்காக அவர்களுக்கு மாதாந்த உதவி என்றால் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுதான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதே தொகை சிறுநீரக நோயாளருக்கும் உண்டு. வவுனியாவையும் வாட்டும் அந்த நோயும் வெளியில் தெரியாததுதான். கண்ணுக்குத் தெரியாத ஓர் உறுப்புக்கு அரசு பெயர் சொல்லிப் பணம் கொடுக்கிறது. வெட்டப்பட்ட குடலை மட்டும் ஏன் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை?

செய்ய முடியாத காரியமில்லை இது. அமெரிக்காவில் முன்னாள் படையினரின் குடல்நோய்களுக்கான அளவுகோலை 2024 மே மாதத்தில் திருத்தி எழுதினார்கள். அறுவைச் சிகிச்சையாலோ காயத்தாலோ குடல் ஒட்டிக்கொள்வதற்கே அங்கே 80 வீதம் வரை ஊனம் கணக்கிடுகிறார்கள்.

இங்கே கொடுப்பனவுக்கான விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்கள் அதோடு விட்டுவிட வேண்டாம். மேன்முறையீட்டில் "வயிற்று வருத்தம்" என்று மட்டும் எழுதினால் அது அல்சராகத்தான் வாசிக்கப்படும். எந்த ஆண்டு காயம், குடல் வெட்டப்பட்டதா, எத்தனை தரம் அடைத்து வார்டில் இருந்தீர்கள், எந்த வேலை முடியாமல் போனது என்று வைத்தியரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பழைய துண்டுச்சீட்டு தொலைந்திருந்தால், கப்பலால் இறங்கியபின் சேர்த்த ஆஸ்பத்திரியின் பதிவறையில் கேளுங்கள். புதிய ஸ்கேனில் பீஸ் தெரிந்தால் அதுவும் சாட்சி. மறுப்புக்குக் காரணம் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தில் எழுதிக் கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

கிராம அலுவலர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை கொடுப்பனவுக்குப் பட்டியல் எடுக்கும்போது, கை கால் இருக்கிறதா என்று பார்த்ததோடு நின்றுவிடாமல், வயிற்றில் காயம் உண்டா என்றும் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பலர் வெட்கத்தில் தாமாகச் சொல்லமாட்டார்கள்.