பரிணாமக் கணிமை மாநாடுகளில் மாணவர் ஆய்வு

பரிணாமக் கணிமை என்பது உயிரினங்களின் படிவளர்ச்சியை முன்மாதிரியாகக் கொண்டு, கணினியில் தீர்வு தேடும் முறைகளின் பொதுப்பெயராகும். இத்துறையின் ஆய்வு மாநாடுகளில் பேராசிரியர்களுடன் பட்டப்படிப்பு மாணவர்களும் தம் ஆய்வுகளை முன்வைக்கின்றனர். 1999-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் ஜெக்கோ மாநாட்டில், சில ஆண்டுகளில் இளநிலை மாணவர்களுக்கென்றே தனிப் பயிலரங்கு நடத்தப்பட்டது. பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, சாதாரணக் கணினியிலேயே ஆய்வைத் தொடங்கலாம் என்பது மாணவர்களுக்குள்ள வசதி. ஆனால் கிடைத்த முடிவு முறையின் திறமையால் வந்ததா, தற்செயலாக வந்ததா என்பதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும்.

செயல்படும் முறை

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் ஹாலந்து 1975-இல் வெளியிட்ட நூல், இத்துறையின் முக்கியப் பிரிவான மரபணுப் படிமுறைக்கு அடித்தளமிட்டது. இம்முறையில் கணினி முதலில் பல தீர்வுகளைக் குருட்டாம்போக்கில் உருவாக்கும். அவற்றுள் சிறந்தவை பெற்றோராகத் தேர்ந்தெடுக்கப்படும். இரு பெற்றோரின் கூறுகளைக் கலந்து புதிய தீர்வுகள் ஆக்கப்படும். இடையிடையே சிறு சடுதி மாற்றமும் செய்யப்படும். இவ்வாறு பல தலைமுறைகள் கடக்கும்போது தீர்வுகள் மேம்படுகின்றன.

எடுத்துக்காட்டு: கரும்பு வெட்டும் வரிசை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ளது. இத்தகைய ஆலைக்குக் கரும்பு அனுப்பும் 40 வயல்களை எந்த வரிசையில் வெட்டுவது என்று ஒரு மாணவர் ஆராய்வதாகக் கொள்வோம். 40 வயல்களை வரிசைப்படுத்தும் வழிகளின் எண்ணிக்கை 48 இலக்கங்கள் கொண்டது. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினியாலும் இயலாது.

இங்கு இரண்டு குறிக்கோள்கள் மோதுகின்றன. அடுத்தடுத்த வயல்களை ஒன்றாக வெட்டினால் லாரி வாடகை குறையும். ஒவ்வொரு வயலையும் முதிர்ச்சி அறிந்து வெட்டினால் பிழிதிறன் கூடும். வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரையும் குறையும். ஆகவே ஒரே விடை கிடைக்காது. ஒரு குறிக்கோளைக் கெடுக்காமல் மற்றொன்றை மேம்படுத்த முடியாத பல திட்டங்கள் கிடைக்கும். இவை இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோவின் பெயரால் பரேட்டோ தீர்வுகள் எனப்படுகின்றன.

கான்பூர் மாணவர்களின் பணி

இத்தகைய பல்குறிக்கோள் கணக்குகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஒரு முறை, இந்திய மாணவர்களின் பங்களிப்புடன் உருவானது. கான்பூர் ஐஐடி பேராசிரியர் கல்யாண்மய் தேப், ஸ்ரீநிவாஸ் என்பவருடன் இணைந்து 1994-இல் என்எஸ்ஜிஏ என்னும் முறையை வெளியிட்டார். அது மெதுவாக இயங்கியது. கிடைத்த நல்ல தீர்வு அடுத்த தலைமுறையில் தொலைந்துபோக வாய்ப்பிருந்தது. பயன்படுத்துபவரே ஓர் அளவுருவை முன்கூட்டித் தீர்மானிக்கவும் வேண்டியிருந்தது.

இக்குறைகளை நீக்கிய என்எஸ்ஜிஏ-2 முறையை தேப், கான்பூரில் பயின்ற அம்ரித் பிரதாப், சமீர் அகர்வால், டி. மெய்யறிவன் ஆகியோருடன் சேர்ந்து உருவாக்கினார். இவர்களுள் அகர்வால் 2000-ஆம் ஆண்டில் பி.டெக். முடித்தவர். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசில் நடந்த பிபிஎஸ்என் மாநாட்டில் இவ்வாய்வு முன்வைக்கப்பட்டது. அதன் விரிவான வடிவம் 2002 ஏப்ரலில் ஐஇஇஇ அமைப்பின் பரிணாமக் கணிமை ஆய்விதழில் வெளியானது.

புதிய முறையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாகப் போட்டியிடுவதால் நல்ல தீர்வு எளிதில் தொலைவதில்லை. தீர்வுகளின் எண்ணிக்கை 100 எனில், பழைய முறையில் தீர்வுகளைத் தரம்பிரிக்கும் உழைப்பு 100-இன் மும்மடிக்கு, அதாவது 10 லட்சத்துக்கு, ஏற்ப வளரும். புதிய முறையில் அது 100-இன் இருமடிக்கு, அதாவது 10 ஆயிரத்துக்கு, ஏற்பவே வளரும்.

மாநாட்டில் எழும் கேள்விகள்

முதல் கேள்வி, நிரலை எத்தனை முறை இயக்கிப் பார்த்தீர்கள் என்பது. குருட்டாம்போக்கான எண்களில் தொடங்குவதால் ஒவ்வொரு முறையும் விடை மாறும். 30 முறை இயக்கியதில் ஒருமுறை மட்டும் லாரிச் செலவு 20 விழுக்காடு குறைந்து, மற்ற 29 முறையும் 3 விழுக்காடே குறைந்திருந்தால், 20 விழுக்காட்டை மட்டும் சொல்வது பொய்க்கு ஒப்பானது. சராசரியையும் விடைகள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கான்பூர் குழுவினர் 10 முறை இயக்கிய சராசரியையும் மாறுபாட்டளவையும் அட்டவணையாகத் தந்தனர்.

இரண்டாவது, எதனுடன் ஒப்பிட்டீர்கள் என்பது. ஒப்பிடும் முறைகளுக்குச் சம வாய்ப்பு தரப்பட வேண்டும். கான்பூர் ஆய்வில் ஒவ்வொரு முறைக்கும் 25,000 மதிப்பீடுகள் அனுமதிக்கப்பட்டன.

மூன்றாவது, உங்கள் முறை எங்கே தோற்றது என்பது. மாணவர்கள் பெரிதும் தயங்குவது இதற்கே. 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையில் 9 சோதனைக் கணக்குகள் இருந்தன. அவற்றுள் இரண்டில் பேஸ் என்னும் போட்டி முறையே சரியான தீர்வை மேலும் நெருங்கியது என்று ஆசிரியர்களே எழுதியுள்ளனர். அதனால் அக்கட்டுரையின் மதிப்பு குறையவில்லை. பல்லாயிரம் ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியுள்ளன.

கரும்பு ஆய்விலும் இந்த மூன்றாம் கேள்வி முக்கியமானது. திட்டம் சராசரியில் லாபம் காட்டினாலும், யாரோ ஒருவரின் வயல் கடைசிக்குத் தள்ளப்பட்டுக் கரும்பு முற்றிப்போகலாம். அந்த நட்டம் சராசரியில் தெரியாது. ஆகவே மிகவும் பாதிக்கப்பட்ட வயலின் நிலையையும் மாணவர் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில்

பரிணாமக் கணிமைக்கான செம்கோ பன்னாட்டு மாநாடு 2010 டிசம்பரிலும் 2013 டிசம்பரிலும் சென்னையில் நடைபெற்றது. பொறியியல், கணினி அறிவியல் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாக இத்துறையில் ஆய்வு செய்து மாநாடுகளுக்கு அனுப்பலாம். புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்பதில்லை. அறியப்பட்ட முறையைத் தம் ஊரின் கணக்குக்குப் பொருத்தி, அது எங்கே பயன்பட்டது, எங்கே பயன்படவில்லை என்று அளந்து காட்டுவதும் ஆய்வே ஆகும்.