அக்காவின் பொதி எங்கே?



போன தடவை வலிகாமம் வடக்கில் நடந்த மகளிர் குழுக் கூட்டத்துக்கு வரும்போது, பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டை அப்படியே ஒரு பொதியாகக் கட்டிக்கொண்டு வரும்படி கேட்டிருந்தேன். காரணம் இருந்தது. குழுவிலுள்ள ஓர் அக்காவின் மகள் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். பாடசாலையில் காலைப் பிரார்த்தனை நேரம் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். இரத்தம் சோதித்துப் பார்த்ததில் இரத்தச்சோகை என்று சொல்லியிருந்தார்கள்.

பதினொரு பேர் பொதி கொண்டுவந்தார்கள். பாயில் வைத்துத் திறந்தோம். ஒன்பது பொதிகளில் ஒரே காட்சிதான். வெள்ளைச் சோறு குவியலாக, நடுவில் ஒரு கரண்டி சம்பல் அல்லது பருப்பு.

இதை ஏழ்மை என்று மட்டும் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கிராமத்தவர்கள் 1990இல் இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் பல வருடங்கள் வாழ்ந்து, காணி விடுபட்டபின் திரும்பியவர்கள். நிவாரணத்தில் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி. வயிறு நிறைந்ததா என்பதே அப்போது கேள்வி. அந்தக் கணக்கு இன்னும் எங்கள் கையிலேயே இருக்கிறது.

ஜப்பானியர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுப் பெட்டியைப் பென்டோ என்பார்கள். அங்கும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெள்ளைச் சோற்றின் நடுவில் ஊறவைத்த சிவந்த பழம் ஒன்றை மட்டும் வைத்த பெட்டியைத் தேசபக்தி என்று சொல்லிப் பரப்பினார்கள். பார்க்க அவர்களின் கொடிபோல இருக்கும். இன்றைய பென்டோவில் சோற்றுக்குப் பக்கத்தில் மீன் அல்லது முட்டை, இரண்டு மூன்று வகை மரக்கறி என்று சிறுசிறு பங்காக இருக்கும். பெட்டியின் அழகை விடுங்கள். அந்தப் பங்கீடுதான் எங்களுக்கு வேண்டியது.

அதற்கான சாமான்கள் எங்கள் வளவிலேயே உண்டு. பெட்டியில் பாதிக்கு மேல் சோறு வேண்டாம், முடிந்தால் சிவப்பரிசி. ஒரு பக்கம் முருங்கையிலை வறை அல்லது கீரை. இன்னொரு பக்கம் பொரித்த நெத்தலி, அவித்த முட்டை, அல்லது இரவே ஊறவைத்து அவித்த பயறு, கடலை. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சுவறுவதற்குப் புளிப்பு உதவும். எனவே ஒரு துண்டு தேசிக்காய் வைத்துவிடுங்கள், அல்லது ஒரு கொய்யாப்பழம். சாப்பாட்டோடு பிளேன்ரீ குடித்தால் அந்தச் சத்துக் குறைந்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். மாதவிலக்கு வரும் வயதுப் பிள்ளைகளுக்கு இது முக்கியம். 2024 முதல் அரச பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டது. பெரிய பிள்ளைகள் வீட்டுப் பொதியை நம்பித்தான் இருக்கிறார்கள்.

எங்கள் வெயிலுக்குச் சில விடயங்களில் கவனம் வேண்டும். சொதியும் பால்கறியும் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். பச்சைத் தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான். வறுத்து இடித்த சம்பல் தாங்கும். சோற்றின் ஆவி போகவிட்டுத்தான் மூடியைப் போடவேண்டும். பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் சுடச்சுடச் சோறு போடாதீர்கள், அது சூட்டுக்குச் செய்த பெட்டியல்ல. பொலித்தீன் லஞ்ச் சீற் 2017இல் தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் வாழையிலை எங்கள் வேலியோரத்தில்தான் நின்றது. தணலில் வாட்டினால் கிழியாது, பெட்டிக்குள் கறிகளைப் பிரிக்கவும் உதவும்.

இவ்வளவும் பேசி முடிந்தபிறகு அந்த அக்காவிடம், “உங்கட பொதி எங்கே?” என்று கேட்டேன். அவர் காலை ஆறரைக்கு வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனால் பின்னேரம்தான் வருபவர்.

“எனக்கு ஏன் தங்கச்சி பொதி? தோட்டத்தில பிளேன்ரீயும் பணிசும் தருவினம்தானே.”

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களில் தனக்கென்று பொதி கட்டுபவர் ஒருவர்கூட இல்லை. (எனது பையிலும் அன்று பிஸ்கற் பக்கற் ஒன்றுதான் இருந்தது. அதை நான் வெளியே எடுக்கவில்லை.) கணவரை இழந்த, அல்லது கணவர் எங்கே என்றே தெரியாத வீட்டில் உழைக்கிற உடம்பு ஒன்றுதான். அது விழுந்தால் பிள்ளையின் பொதியும் இல்லை. இதை அக்காவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து வீட்டுக்குப் போனேன். மகள் இரும்புச்சத்து மாத்திரை எடுக்கிறாள், முருங்கையிலையை முறைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறாளாம். வெள்ளிக்கிழமை மச்சமில்லை, அன்றைக்குக் கடலை. அக்கா இரண்டாவது பெட்டி இன்னும் வாங்கவில்லை. தன்னுடைய சோற்றையும் வறையையும் வாட்டிய வாழையிலையில் கட்டி, சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு போகிறார்.