போன் அவர் கையிலேயே இருக்கட்டும்

"மகன், இத ஒருக்காப் பாருங்களேன், என்னமோ வந்திரிக்கி" என்று போனை நீட்டும் ஒரு உம்மாவோ மாமியோ நம் எல்லோருடைய அயலிலும் இருக்கிறார். கணவர் மௌத்தாகிவிட்டார். பிள்ளைகள் கட்டாரிலோ கொழும்பிலோ. மகன் அனுப்பிய ஸ்மார்ட் போன் கையில் இருக்கிறது. வரும் அழைப்பை எடுப்பதைத் தவிர வேறெதையும் தொடப் பயம். "எதையாவது அமத்தி பழுதாப் போனா?"

நாமும் போனை வாங்கி அரை நிமிடத்தில் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறோம். உதவிதான். ஆனால் அடுத்த முறையும் அவர் நம்மைத் தேடித்தான் வர வேண்டும்.

இது எவ்வளவு பாரதூரமானது என்பதை 2022 ஜூலையில் பார்த்தோம். தேசிய எரிபொருள் அனுமதிக்கு இணையத்தில் பதிந்து கியூ.ஆர். குறியீடு எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருந்த வீட்டில் அது சின்ன வேலை. யாருமற்றவர்களோ அடுத்தவரிடம் அடையாள அட்டையையும் போனையும் கொடுத்துவிட்டுக் காத்து நின்றார்கள். இன்று மின்கட்டணம், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகப் போனுக்குள் போகின்றன. தனித்திருப்பவர் தன் இரகசிய இலக்கத்தையும் பிறரிடம் சொல்லும் நிலைக்கு வருகிறார்.

இவர்களால் படிக்க ஏலாது என்பது சரியல்ல. தமிழ் எழுத்தை அறியாத நம் மூத்தம்மாமார் பலர், ஓதப் பழகிய அறபு எழுத்தைக் கொண்டே அறபுத் தமிழ்க் கிதாபுகளை வாசித்தார்கள். தெரிந்த ஒன்றின் மேல் தெரியாததை வைத்தார்கள். போனுக்கும் அதே வழிதான்.

அவருக்குத் தெரிந்தது பேச்சு. ஆகவே குரலில் தொடங்குங்கள். வாட்ஸ்அப்பில் ஒலிவாங்கிப் படத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு பேரப்பிள்ளைக்கு ஸலாம் சொல்லட்டும். கையை எடுத்தால் குரல் போய்விடும். பதில் வந்ததும் அந்த முகத்தைப் பாருங்கள். அடுத்து கூகுள் விசைப்பலகையில் குரலால் தமிழ் எழுதுவதைக் காட்டலாம். தட்டச்சுப் பழகாதவருக்கு அது பெரிய வாசல்.

சொல்லிக் கொடுப்பவருக்கு மூன்று ஒழுங்குகள் போதும். ஒன்று, போன் அவர் கையிலேயே இருக்கட்டும். நாம் விரலால் காட்டலாம், தொடக் கூடாது. இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு விசயம், அதுவும் அவருக்குத் தேவையான விசயம். மூன்று, எழுத்தின் அளவைப் பெரிதாக்கிவிட்டு, படிமுறைகளை ஒரு கொப்பியில் படமாக வரையச் சொல்லுங்கள். நாளை நாம் இல்லாதபோது அந்தக் கொப்பிதான் ஆசிரியர். தப்பாக அமத்தினால் பின்னால் வரும் வழியை முதல் நாளே காட்டிவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

மீதிப் பயத்தைப் போக்க வேண்டாம். அதைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் இணைப்பைத் தொடக் கூடாது. போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்பவர் வங்கிக்காரர் என்று சொன்னாலும், சொந்தக்காரர் என்று சொன்னாலும் கொடுக்கக் கூடாது. அந்தக் குறியீடு வீட்டுச் சாவி மாதிரி. வாட்ஸ்அப் கணக்கைப் பறிப்பவர்கள் கேட்பதும் அதைத்தான். மகனின் பேரில் காசு கேட்டுச் செய்தி வந்தால், மகனின் பழைய இலக்கத்துக்கு எடுத்து, குரலைக் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும். "தர ஏலாது" என்று சொல்லி அழைப்பை வெட்டப் பழகுவதும் ஒரு திறன்தான்.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஊருக்கு ஊர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம், ஒருவருக்கு ஒருவர் என்று, அவரவர் வீட்டுக்கே போய் இருக்கலாம். வகுப்பறையில் வெட்கப்படும் மாமி தன் வீட்டுத் திண்ணையில் நூறு கேள்வி கேட்பார். பாடம் முடிந்த பிறகும் ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் அங்கே இருந்துவிட்டு வாருங்கள். தனிமைக்கு மருந்து போனுக்குள் மட்டும் இல்லை.

அவர் மறுபடி வந்து, "மகன், இத நானே அனுப்பினன், பாருங்க" என்று போனை நீட்டும் நாள்தான் நம் வேலை முடிந்த நாள்.