பாட்டி ஏன் மறந்து போகிறார்?

குட்டீஸ், எண்ணூரைத் தாண்டி வடக்கே போனால் காட்டுப்பள்ளித் துறைமுகம் வரும். கப்பலில் வரும் பெரிய பெரிய கன்டெய்னர்களை கிரேன் இறக்கும். லாரிகள் ஏற்றிக்கொண்டு போகும். திடீரென்று சாலை உடைந்து, வாசலில் குப்பையும் குவிந்துவிட்டால் என்ன ஆகும்? வேலை அப்படியே நின்றுவிடும், இல்லையா?

நம் மூளைக்குள் இப்படி நடந்தால் வரும் நோய்தான் அல்சைமர்!

மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதால்தான் வாய்ப்பாடும், நண்பன் பெயரும் நமக்கு நினைவிருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சரக்கு போக மிக நுண்ணிய பாதைகள் உண்டு. அவை உடையாமல் தாங்குவது ‘டௌ’ என்ற புரதம்.

அல்சைமர் நோயில் இரண்டு கோளாறுகள் நடக்கின்றன. ஒன்று, ‘பீட்டா அமைலாய்டு’ என்ற புரதத் துண்டுகள் செல்களுக்கு வெளியே ஒட்டிக்கொண்டு திட்டுத் திட்டாகப் படிகின்றன. குப்பை அள்ளும் செல்களாலும் சமாளிக்க முடிவதில்லை. இரண்டு, டௌ புரதம் பாதையை விட்டுக் கழன்று, செல்லுக்குள்ளேயே நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்கிறது. சரக்கு வராத செல் மெல்ல மெல்லச் செத்துப்போகிறது.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது, புது நினைவுகளைப் பதியவைக்கும் ‘ஹிப்போகேம்பஸ்’. கடல்குதிரை வடிவில் இருக்கும் பகுதி இது. அதனால்தான் பாட்டிக்குச் சின்ன வயதுக் கதை ஞாபகம் இருக்கும். காலையில் சாப்பிட்டது மறந்துபோகும்!

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனி டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். 1901-ல் 51 வயதுப் பெண் ஒருவர் கடும் மறதியோடு அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். 1906-ல் அந்தப் பெண் இறந்ததும், மூளையை நுண்ணோக்கியில் பார்த்தார் டாக்டர். திட்டுகளும் சிக்கல்களும் தெரிந்தன. நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

நம் நாட்டிலும் ஆராய்ச்சி நடக்கிறது. கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில், சீனிவாசபுரா பக்கத்துக் கிராம மக்களின் மூளை நலத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருகிறது, பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அமைலாய்டைக் குறைத்து, நோயின் வேகத்தை ஓரளவு தணிக்கும் ‘லெக்கனமாப்’ என்ற மருந்துக்கு அமெரிக்கா 2023-ல் அனுமதி தந்தது.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தாத்தா தேடினால் உடனே பயப்படாதீர்கள். வயதானால் லேசான மறதி சகஜம். ஆனால், பழகிய தெருவிலேயே வழி தவறினால், வீட்டு ஆட்களின் பெயரே மறந்துபோனால், அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பாட்டி கேட்டதையே பத்துத் தடவை கேட்டால், “இப்பதானே சொன்னேன்!” என்று எரிந்து விழாதீர்கள். அவர் வேண்டுமென்றே மறக்கவில்லை. உள்ளே பாதை உடைந்திருக்கிறது. பதினோராவது தடவையும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லுங்கள். செய்வீர்கள்தானே?