தாராவிக்கு மேலே ஒரு சிறுத்தைக் காடு

தாராவிக்காரர்களுக்கு மித்தி நதி என்றால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடை. அது புறப்படும் இடத்தைப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. விஹார், பவாய் ஏரிகள் நிரம்பி வழிகிற நீர்தான் மித்தி. விஹாரைச் சுற்றியிருப்பது சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. நம் குடியிருப்புகளின் ஓரமாக ஓடி மாஹிம் கழிமுகத்தில் கலக்கும் தண்ணீர், சிறுத்தை நடமாடும் இடத்திலிருந்து வருகிறது.

சுமார் 104 சதுர கிலோமீட்டர் காடு அது. மாஹிமில் போரிவலி ஸ்லோ ரயிலைப் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் விடுமுறைக்கு ஊட்டிக்கும் மூணாறுக்கும் டிக்கெட் போடுகிறார்களே தவிர, பிள்ளைகளை இங்கே கூட்டிப்போவது அபூர்வம். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

தாவரவியல் கணக்கில் இது மழைக்காடு இல்லை, இலையுதிர் காடு. கோடையில் தேக்கு மொட்டையாக நிற்கும். ஜூனில் மழை இறங்கியதும் பாறையெல்லாம் பாசி படிந்து, ஓடைகள் இரைந்து, மழைக்காடு போலவே ஆகிவிடும். இங்கே இரவு முகாம் போட ஏற்ற காலம் அதுதான். முன் அனுமதி இல்லாமல் இரவில் தங்க முடியாது. வனத்துறை ஏற்பாட்டில் முகாம் நடக்கும்போது சேர்ந்துகொள்ள வேண்டும்.

முகாமுக்கு வருகிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “சிறுத்தை தெரியுமா?” தெரியாது என்று நினைத்துப் போவதே நல்லது. 2015 கணக்கெடுப்பில் பூங்காவிலும் அதை ஒட்டிய ஆரே பகுதியிலும் 35 சிறுத்தைகள் பதிவாயின, 2018இல் 47. தானியங்கிக் கேமராக்களில் விழுந்த படங்களை வைத்து, கைரேகைபோல் ஒவ்வொன்றுக்கும் மாறுபடும் புள்ளிகளை ஒப்பிட்டு எண்ணினார்கள். சிறுத்தையே நம்மைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும்.

சிறுத்தையை மறந்துவிட்டுக் கீழே பாருங்கள். டார்ச்சை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் புல்தரையில் அடித்தால் பச்சைப் பனித்துளிபோல் புள்ளிகள் மின்னும். மெல்லக் கிட்டே போனால் அந்தத் துளிக்கு எட்டுக் கால்! ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் அவை. தாய்ச் சிலந்தி முட்டைப் பையைப் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் அத்தனையையும் முதுகில் சுமக்கும். அதைப் பார்த்த பிள்ளை அப்புறம் சிலந்தியைச் செருப்பால் அடிக்காது.

பகலில் கார்வி செடி எது என்று கேட்டுப் பாருங்கள். நம் நீலகிரிக் குறிஞ்சிக்கு உறவு. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு ஆண்டு என்றால் இதற்கு எட்டு. 2016இல் பூத்தது, 2024இல் பூத்தது, அடுத்து 2032. இதன் தண்டுகளை வரிசையாகக் கட்டி மண் பூசித்தான் வார்லி மக்கள் சுவர் எழுப்பினார்கள். அவர்கள் இந்தக் காட்டின் பழைய குடிகள்.

பயம் வேண்டியதில்லை என்று சொல்லமாட்டேன். 2004இல் இங்கே சிறுத்தை தாக்கிப் பலர் இறந்தார்கள். வேறெங்கோ பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டது நிலைமையை மோசமாக்கியது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2011இல் வனத்துறையும் ஆய்வாளர்களும் நகரவாசிகளும் சேர்ந்து விழிப்புணர்வு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்வது எளிது: குப்பை சேர்ந்தால் நாய் வரும், நாயைத் தேடிச் சிறுத்தை வரும். அதனால் கூடாரத்தைச் சுற்றி மிச்சச் சோற்றைக் கொட்டாதீர்கள். இருட்டில் பிள்ளைகளைத் தனியே ஒதுங்க விடாதீர்கள். அதே சிறுத்தைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களைத் தின்று, நகரத்தில் நாய்க்கடியைக் குறைக்கின்றன என்று 2018இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

போரிவலி தூரம் என்பவர்கள் தாராவியிலேயே தொடங்கலாம். மித்தி கரையில் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கிறது. 37 ஏக்கர், முன்பு நகரத்தின் குப்பைமேடு. மண் கொட்டி, மரம் நட்டு 1994இல் மக்களுக்குத் திறந்தார்கள். சிறுத்தை கிடையாது, பட்டாம்பூச்சியும் பறவைகளும் நிறைய. காலையில் போங்கள், பிள்ளைகளை முன்னால் நடக்க விடுங்கள்.