காயமும் காரல் சாறும்: முத்துக்குளித்துறையின் பேறுகால நாற்பது நாள்

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. 1974-ல் ஊர் பெருந்துறைமுகம் ஆனது. சிப்பிக் குவியல் கிடந்த கரையில் இன்று சரக்குப் பெட்டகங்கள் நிற்பதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்த முத்துக்குளித்துறையில், வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை, வீட்டுக்குள் நடந்த மாற்றத்தை யாரும் அவ்வளவாக எழுதவில்லை. பெண்கள் பிள்ளை பெறும் இடமும், பெற்ற உடம்பு தேறும் விதமும் இரண்டு தலைமுறைக்குள் அடியோடு மாறிவிட்டன.

அன்று

கடலுக்குப் போகும் ஆண்கள் விடியுமுன்பே தோணியேறிவிடுவார்கள். பேறு முழுக்கப் பெண்களின் காரியம். வலி கண்டதும் மருத்துவச்சிக்கு ஆள் போகும். வயிற்றைத் தடவியே பிள்ளையின் தலை எங்கே இருக்கிறது என்று சொல்லும் கை அவளுக்கு. கூலியாக அரிசியும் சேலையும் கிடைக்கும்.

பிள்ளை பிறந்த பிறகுதான் பெரிய வேலை தொடங்கும். தாய் ‘பச்சை உடம்புக்காரி’. நாற்பது நாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. பரதவர் வீடானாலும் காயல்பட்டினத்து முஸ்லிம் வீடானாலும் தேரிக்காட்டு நாடார் வீடானாலும் இந்த நாற்பது நாள் பொது. நொச்சியும் வேம்பும் போட்டுக் கொதித்த நீரில் குளிப்பாட்டுவார்கள். பழைய நூல் சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டுவார்கள். குளித்த தலைக்குச் சாம்பிராணி காட்டுவார்கள்.

அடுத்தது காயம் என்னும் பேறுகால மருந்து. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, வால்மிளகு, பெருங்காயம், பூண்டு என்று நாட்டுமருந்துக் கடையில் சாமான் வாங்கி, வறுத்து இடித்துச் சலித்து, உடன்குடிக் கருப்பட்டிப் பாகில் நல்லெண்ணெய் விட்டுக் கிண்டி இறக்குவார்கள். வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு ஓர் உருண்டை. அளவும் சாமானும் வீட்டுக்கு வீடு மாறும். மாமியாரிடமிருந்து மருமகளுக்குக் கைப்பழக்கமாகவே வந்தது. இடுப்புக்கு உளுந்தங்களி. பால் சுரக்கக் காரல் மீனில் மிளகும் பூண்டும் தட்டிப்போட்ட சாறு, பால்சுறாப் புட்டு.

இந்தக் கவனிப்பில் அன்பு இருந்தது. ஆபத்தும் இருந்தது. ரத்தப்போக்கு நிற்காவிட்டால் மருத்துவச்சியின் கையில் எதுவும் இல்லை. வண்டி கட்டி மருத்துவமனை சேர்வதற்குள் உயிர் போன தாய்மார் எத்தனையோ பேர். கொதிக்கவைக்காத பிளேடால் தொப்புள்கொடியை அறுத்ததில் குழந்தைக்கு இசிவு வந்தது. ‘உடம்பு ஊதிப்போகும்’ என்று தாகத்தில் தவித்தவளுக்குத் தண்ணீரைக் குறைத்தார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தையின் நாக்கில் சேனை என்னும் இனிப்பு நீரை வைத்தார்கள். பழையது என்பதற்காக இவற்றை யாரும் புகழ வேண்டாம்.

இன்று

1992-93 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டுப் பேறுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டிலேயே நடந்தன. 2019-21 கணக்கெடுப்பில் 99.6 சதவீதம் மருத்துவமனையில். 2018-20-ல் மாநிலத்தின் தாய் இறப்பு, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 54. இந்திய அளவில் அது 97. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம், இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், 2008-ல் ஓடத் தொடங்கிய 108 ஊர்தி, 2000-ல் வந்த தூத்துக்குடி மருத்துவக் கல்லூரி என்று பல கைகள் சேர்ந்து இந்த உயிர்களைக் காத்தன. 2004-ல் அரசு மருத்துவமனைப் பேறு அறைக்குள் ஒரு பெண் துணையை அனுமதித்தது தமிழ்நாடு. வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அப்படித்தான் மருத்துவமனைக்குள்ளும் இடம் கிடைத்தது.

ஆனால் வீடு திரும்பிய பின் என்ன? அதே 2019-21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பேறுகள் அறுவைச் சிகிச்சையில் முடிந்தன. தையல் போட்ட வயிற்றைப் பழையபடி இறுக்கிக் கட்ட முடியாது. காயம் கிண்ட ஆளில்லை; கடையில் லேகியம் டப்பாவில் வருகிறது. அம்மா மீன் கம்பெனியில், மாமியார் உப்பளத்தில். 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. உப்பளத்தில் தினக்கூலிக்கு உப்பு வாரும் பெண்ணுக்கு அந்த விடுப்பு எட்டுவதில்லை. பாட்டி காலத்தில் ஏழை வீட்டிலும் கிடைத்த நாற்பது நாள் ஓய்வு, இன்று சம்பள விடுப்பு உள்ளவளுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

கடலும் மாறிவிட்டது. சுறா குறைந்துவிட்டது. சில சுறா, திருக்கை இனங்களைப் பிடிக்க 2001 முதல் தடை உண்டு. பெரிய சுறாவின் உடலில் பாதரசம் சேர்வதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. காரலும் சாளையும் சின்ன மீன்கள். அந்தச் சாற்றைத் தாராளமாகத் தொடரலாம்.

சீனம் செய்தது

பழைய பத்தியத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்குச் சீனத்தைப் பார்க்கலாம். அங்கேயும் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வீட்டோடு இருப்பாள். இஞ்சி, எள்ளெண்ணெய், சூடான சாறு என்று அவர்கள் பத்தியமும் நம்முடையதற்கு உறவுதான். அக்குபங்சரும் மூலிகையும் அங்கே மருத்துவமனைக்குள்ளேயே நவீன மருத்துவத்தின் பக்கத்தில் இருக்கின்றன. கர்ப்பிணியின் உடம்பில் சில புள்ளிகளில் ஊசி குத்தக்கூடாது என்ற எச்சரிக்கையும் அந்த மரபிலேயே உண்டு. அதைவிட முக்கியம், அந்த மரபைச் சோதனைக்கும் உட்படுத்தியிருக்கிறார்கள். வயிற்றில் குழந்தை தலைமாறி இருந்த, முதல் முறை கர்ப்பமான 260 பெண்களிடம் சீனத்தின் ஜியாங்சியில் ஓர் ஆய்வு நடந்தது. மாசிபத்திரி இனத்து இலைத்திரியைக் கொளுத்திக் கால் சுண்டுவிரல் நகத்தோரம் சூடு காட்டியவர்களில் 75 சதவீதம் பேருக்கு 35-ஆம் வாரத்தில் தலை கீழே வந்திருந்தது. காட்டாதவர்களில் 48 சதவீதம். 1998-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் அது வெளிவந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகவில்லை. ஆனாலும் பாட்டி வைத்தியத்தை எண்ணிக் கணக்குப் பார்க்க முடியும் என்று அந்த ஆய்வு காட்டியது.

நமக்கும் அடித்தளம் உண்டு. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. மகப்பேறு சஞ்சீவி என்ற அரசுப் பெட்டகத்தில் மாதுளை மணப்பாகும் உளுந்துத் தைலமும் சதாவரி லேகியமும் கர்ப்பிணிகள் கைக்கு வந்தன. வீட்டுக் காயத்தையும் இதே வழியில் கொண்டுவர வேண்டும். எந்தச் சாமான் பாலூட்டும் தாய்க்குப் பொருந்தும், தையல் உள்ளவளுக்கு எப்போது தொடங்கலாம், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவளுக்குக் கருப்பட்டி எவ்வளவு என்று பாளையங்கோட்டையும் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து ஆய்ந்து சொல்லட்டும்.

சேனையும் தண்ணீர் மறுப்பும் போகட்டும். நாற்பது நாள் போகக்கூடாது. பேற்றுக்குப் பின் ஆறு வாரம் தாயைத் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பாட்டிமாரின் கணக்கும் ஏறக்குறைய அதுவே. உப்பளத்துப் பெண்ணுக்கும் மீன் கம்பெனிப் பெண்ணுக்கும் அந்த ஆறு வாரக் கூலியை உறுதிசெய்வதே அரசு அவர்களுக்குத் தரக்கூடிய முதல் பேறுகால மருந்து. லேகியம் அதற்குப் பிறகு வரட்டும்.