மீட்பு முந்தியது

1986 ஆகஸ்ட் 11ஆம் நாள், நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழ் அகதிகளை மீனவர் கஸ் டால்டன் கண்டார்; மற்றைய படகுகளின் துணையுடன் மீட்டார். இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் கூறியது உண்மையன்று, மேற்கு ஜேர்மனியிலிருந்தே புறப்பட்டனர் என்பது பின்னரே வெளிப்பட்டது. மீட்பு முந்தியது, விசாரணை பிந்தியது.

மனிதர் திருந்திய பின்னரல்ல, தவறியிருந்த வேளையிலேயே இறையன்பு தேடி வந்தது என்பதே புனித பவுல் உரோமருக்கு வரைந்த திருமுகத்தின் சாரம். தகுதி பார்த்து அளிப்பது கூலி. பாராது அளிப்பதே அருள்.

ரொறன்ரோவில் ஞாயிறுதோறும் தமிழில் மன்றாடும் நாம், அகதி விசாரணையில் சொன்னவற்றையும் மறைத்தவற்றையும் எண்ணி உள்ளம் குறுகுகிறோம். அந்த நாமே, கதவைத் தட்டும் புதியவரிடம் முதலில் ஊரையும் சாதியையும் விசாரிப்போமாயின், நாம் பெற்ற மீட்பை இன்னும் உணரவில்லை.